வடிவு போட்ட விளக்கு

மழை பிடித்துக்கொண்டால் வடிவம்மாள் வீட்டில் இருக்கமாட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பங்கரையில் ஒடுங்கும் நேரத்தில், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் துணியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொள்வாள். மின்சாரம் பார்க்கும் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். தான் மின்கம்பி இழுத்த வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பாள். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கதவைத் திறக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"லைட்டுதான் நல்லா எரியுதே வடிவு. போய்ப் படு."

"எரியறது எரியும்க்கா. தொட்டா கூசுதா? செவுத்த, கொழாய, எதையாச்சும் தொட்டா சுர்ருங்குதா?"

"இல்லலா."

"நெசமா சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவள், தனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று ஏன் கெஞ்ச வேண்டும்? எங்கள் தோட்டத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும்.

வடிவுக்குப் பத்தொன்பது வயது. ஒல்லி. பின்னலைச் சட்டைக் காலருக்குள் திணித்துக்கொள்வாள். நகக்கண்களில் கறுப்பு டேப்பின் பசை எப்போதும் ஒட்டியிருக்கும். தானா ராத்தாவில் ஆ செங் என்பவருடைய மின்சாரக் கடையில் வேலை. கோலா தெர்லாவுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறாள். வேலை செய்யும்போது மலாயில் முணுமுணுப்பாள். மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரை. "நாக்கு ஓடிக்கிட்டு இருந்தா கை நடுங்காது சார்" என்பாள். சில நாள் நாக்கும் ஓடும், கையும் நடுங்கும்.

நான் இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். பந்து விளையாடும் திடலுக்கு இந்தப் பக்கம் என் குவாட்டர்ஸ், அந்தப் பக்கம் அவர்களுடைய லயம். நடந்ததில் கொஞ்சத்தை நானே பார்த்தேன். மிச்சத்தை அவளும், கடைசி வீட்டு மணியம்மாவும் சொன்னார்கள். இருவரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது, சொன்ன விதம்தான் வேறு. மணியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வடிவால் ஒரு கட்டத்துக்கு மேல் உட்கார்ந்தபடி சொல்ல முடியவில்லை.

இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத் தேர்வுக்குப் பிறகு, மலையடிவாரத்துப் பட்டணமான தாப்பாவில் இருந்த தொழிற்பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. பாதி நாள் வகுப்பறையில் மலாய், கணக்கு, வரலாறு. பாதி நாள் பட்டறையில் தொழில். ஐந்தாம் படிவ முடிவில், மற்ற பிள்ளைகளைப் போலவே எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிப் பரீட்சை. தங்குவது விடுதியில். இவள் எழுதிக் கொடுத்தது ஒன்று, வந்தது ஒன்று.

"நாங்க கேட்டது தையலு சார். கெடச்சது கரண்டு."

அவளுடைய அப்பா சிங்காரம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் எந்திரத்தில் நிற்பவர். எந்திரத்தின் சத்தத்திலேயே காது பாதி மந்தமாகிப் போனவர், அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவார். "படிப்புனா படிக்கணும். வேலைனா வேலைக்குப் போவணும். இது என்னா ரெண்டுங்கெட்டான்?" என்று, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று எல்லாரிடமும் கேட்டார். ஆனாலும் பிள்ளையைத் தகரப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டது அவர்தான்.

மின்சாரப் பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் பையன்கள். பெண்கள் இருவர்தான், வடிவும் நாகமணி என்ற இன்னொரு தோட்டத்துப் பெண்ணும். முதல் மாதத்தில் வடிவுக்கு விரலில் ஒரு கரண்டு அடி விழுந்தது, சின்ன அடி. அன்று முதல் பட்டறையில் எதையும் தொடுமுன், மெயின் அடைத்திருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்ப்பாள். வகுப்பறையும் ஆறுதல் இல்லை. மலாய்த் தாளில் தோற்றால் மற்றதில் என்ன வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. வீட்டில் தமிழ், ஆரம்பப் பள்ளியிலும் தமிழ். மலாய்க் கட்டுரைத் தாளை வெறித்துப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு வேளைக்கு பாசா மலாயு பயம், இன்னொரு வேளைக்குக் கரண்டு பயம். காலையில எந்திரிச்சா எதுக்கு மொதல்ல பயப்படறதுனே தெரியாது சார்."

இருந்தும் ஒரு வருடம் தள்ளினாள். நான்காம் படிவம் முடிந்து வருடக் கடைசி விடுமுறைக்கு வந்தபோது, கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தாள். அப்போதுதான் மணியம்மா கூப்பிட்டார்.

மணியம்மா கொழுந்து எடுப்பவர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வடிவின் தாய் இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டதும், வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவர்தான். அத்தை என்றுதான் கூப்பிடுவாள். மணியம்மாவின் வீட்டுக்குப் பின்னால், மரத்தூண் நட்டுத் தகரம் அடித்த ஒரு குளியல் கொட்டகை உண்டு. தரை சிமெண்டு, எந்நேரமும் ஈரம். மலை விட்டு வந்து அழுக்குத் தேய்ப்பதற்குள் பனி இறங்கி இருட்டிவிடும். ஒருமுறை அந்த இருட்டில் பூரான் கடித்து வீங்கிய காலோடு வேலைக்குப் போனவர்.

"கரண்டு படிக்கிறியில்ல? அத்தைக்கு ஒரு லைட்டு போட்டுக் குடேன்டி."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு வயரை இழுத்தாள் வடிவு. தகரச் சுவரில் ஆணியால் ஓட்டை போட்டு அதன் வழியே உள்ளே செலுத்தினாள். வீட்டுச் சுவரில் ஒரு சுவிட்சு. சாயங்காலம் போட்டதும் கொட்டகை மஞ்சளாக எரிந்தது. லயத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிங்காரம் இரண்டு தரம் போட்டு அணைத்தார். லயத்தில் யாரும் தாமாகக் கம்பி இழுக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். ஆபீஸ் கணக்கர் கார்த்திகேசு கிராணி அந்த வழியாக மோட்டோ சைக்கிளில் போனார், விளக்கைப் பார்த்தார், பார்க்காதது போலப் போய்விட்டார்.

அடுத்த செப்டம்பர் மாதம். எஸ்.பி.எம்.முக்கு முந்திய சோதனைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை மலாய்த் தாள். அன்று காலையில் பட்டறையில் பழைய பாடங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ரம்லி என்கிற பட்டறை ஆசிரியர் ஒரு துண்டுத் தகரத்தைக் கொண்டுவந்தார். அதில் ஓட்டை போட்டு ஒரு வயரை நுழைத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் தகரத்தை அசைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் அசைத்தார். பிறகு வயரை உருவி உயரப் பிடித்தார். ரப்பர் அறுந்து உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"நான் கையால் செய்ததை உங்கள் வீட்டில் காற்று செய்யும்" என்று மலாயில் சொன்னார். "ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் தகரத்தில் வயரை விட்டால் சுவர் முழுக்க மின்சாரம். சுவிட்சையும் தப்பான கம்பியில் வைத்திருந்தால், விளக்கை அணைத்தாலும் மின்சாரம். தரை ஈரமாக இருந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை."

வயர் கை மாறிக் கை மாறி வந்தது. வடிவு அதை வாங்கினாள். ரப்பர் வளையம் என்ற ஒன்று இருப்பதே போன டிசம்பரில் அவளுக்குத் தெரியாது. சுவிட்சை எந்தக் கம்பியில் வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. கறுப்பா, சிவப்பா? அந்த வயரில் இரண்டுமே வெள்ளையாக இருந்தன என்பதுதான் நினைவுக்கு வந்தது.

நாகமணி, "ஏன்டி மூஞ்சி இப்புடி வெளுத்துப் போச்சி?" என்று கேட்டாள்.

"வயித்து வலி."

ஆசிரியரிடமும் அதையே சொன்னாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உரிமம் இல்லாத மாணவர்கள் வெளியே கம்பி வேலை செய்தால் பள்ளியை விட்டு நீக்குவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பட்டறைச் சட்டையைக் கழற்றினாள், பள்ளிச் சீருடையோடு வேலியோரமாக வெளியேறித் தபால் நிலையத்துக்கு ஓடினாள். அங்கிருந்த தொலைபேசியில் தோட்டத்து ஆபீஸைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. கார்த்திகேசு கிராணி எடுத்தார்.

"ஹலோ? யாரு பேசுறது? ஹலோ?"

வடிவு வாயைத் திறந்தாள். அப்பாவின் முகம் வந்தது. யார் போட்ட வயர் என்று கிராணி கேட்பார். அப்பாவை ஆபீஸுக்குக் கூப்பிடுவார். பள்ளிக்குத் தெரியும். பட்டணத்துக்குப் போன இரண்டு வருடமும் அதோடு முடிந்தது. கிராணி மறுபடியும் ஹலோ என்றார். வடிவு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் அவளால் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுந்து என் வீட்டுச் சன்னலருகே போய் நின்றுகொண்டாள். "ஒரு வார்த்த சார். மெயின அடைங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல."

அத்தை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார், அதற்குமுன் போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாப்பாவிலிருந்து பஸ் ஏறினாள். மலைச் சாலையில் பஸ் ஏற ஏற மழை பிடித்தது. மழையைப் பார்த்ததும் கொட்டகை நனைவது கண்ணில் வந்தது. காற்றில் மூங்கில்கள் சாய்ந்தபோது தகரம் ஆடுவது தெரிந்தது. மனத்தை மாற்ற மறுநாள் எழுத வேண்டிய மலாய்க் கட்டுரையைச் சொல்லிப் பார்த்தாள், முதல் வரிக்கு மேல் வரவில்லை. ஏதோ ஒரு வளைவில், கொஞ்ச நாளைக்கு முந்திய ஆகஸ்டு விடுமுறை நினைவுக்கு வந்தது.

அந்த விடுமுறையில் மணியம்மா குளிக்கப் போவதைப் பார்த்திருந்தாள். வாளி, துண்டு, காலில் கொழுந்து மலைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். "என்னா அத்தே, பூட்ஸ் போட்டுக்கிட்டா குளிப்பாங்க?" என்று சிரித்தாள். "தரை சில்லுனு இருக்குடி" என்றார் அவர்.

தரை இரண்டு வருடத்துக்கு முன்பும் சில்லென்றுதான் இருந்தது. அப்போது அவர் வெறுங்காலோடுதான் குளித்தார்.

பஸ்ஸில் வடிவு தன் கையைக் கடித்துக்கொண்டாளாம். பக்கத்தில் இருந்த கிழவர் கேட்டதற்கு, தலை சுற்றுகிறது என்றாளாம்.

ரிங்லெட்டுக்குக் கீழே பஸ் நின்றுவிட்டது. மேட்டிலிருந்து மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. டிரைவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இனிமேல் லாரி வந்து மண் அள்ளினால்தான் என்றார். எல்லாரும் உள்ளேயே இருந்தார்கள். வடிவு இறங்கினாள். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் இறங்கிச் சரிவைக் கடந்தாள். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மேலே இன்னும் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. "அப்ப அந்தப் பயம் மட்டும் இல்ல சார். எடமே இல்ல அதுக்கு."

மறுபக்கத்தில், இறங்க வழியில்லாமல் ஒரு காய்கறி லாரி திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் முனியாண்டி, கம்போங் ராஜா ஊர்க்காரர். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் சேறாக ஒரு பெண் கை காட்டுவதைப் பார்த்து நிறுத்தினார்.

"ஸ்கூலு உடுப்போட எங்கம்மா போற?"

"கோலா தெர்லாண்ணே. கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே."

"வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லியா?"

"இன்னும் தெரியலண்ணே."

முனியாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முட்டைக்கோசு மூட்டைகளோடு அந்த லாரி ஓடிய ஓட்டத்தை அவள் இன்னும் சொல்வாள்.

தோட்டத்துக்குள் போகும் சடக்கில் அவள் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பனி லயத்தை மூட ஆரம்பித்திருந்தது. எல்லா அடுப்பும் புகைந்தது. யாரும் அழவில்லை, கூட்டமும் இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் யாரும் பார்க்கவில்லை போலும் என்று நினைத்தாளாம். கடைசி வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். கொட்டகையின் தகர இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் ஒழுகியது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

கதவைப் பிடித்து இழுக்கக் கை நீட்டியவள், கதவும் தகரம் என்பதால் நின்றுவிட்டாள். கத்தத்தான் முடிந்தது.

"அத்தே! தகரத்தத் தொடாதீங்க! எதையும் தொடாதீங்க!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. உள்ளிருந்து மணியம்மாவின் குரல் அமைதியாக வந்தது.

"வடிவா? நான் எங்கடி தொடுறேன்? நடுவுலதான நிக்கிறேன்."

வடிவு வீட்டுக்குள் ஓடி, நாற்காலி போட்டு ஏறி, மெயினில் இருந்த பியூஸைப் பிடுங்கினாள். வீடும் கொட்டகையும் இருண்டன. மணியம்மா மார்புக்கு மேல் கட்டிய ஈரச் சாரத்தோடு, பூட்ஸில் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க, பின்வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டி அணைச்ச? தலைக்குச் சோப்பு போட்டிருக்கேன்."

"எத்தன நாளா அத்தே?"

"என்னா எத்தன நாளா?"

"எத்தன நாளா கூசுது?"

மணியம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்துக் காலம் வந்ததுலேருந்து. மொதல்ல நரம்புனு நெனச்சேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட மருந்துகூட வாங்கித் தின்னேன். அப்பறம் பாத்தா தகரத்தத் தொட்டாதான் சுர்ருங்குது. பூட்ஸ் போட்டா அவ்வளவா இல்ல. ஓரமா போவாம நடுவுல நின்னுக்குவேன்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல? நான் லீவுக்கு வந்தேன்ல? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? கிராணிக்குத் தெரிஞ்சா யாரு போட்ட வயருனு கேப்பான். ஒன்னையத்தான் காட்டணும். ஒன் படிப்பு போயிரும்ல. ஒங்கிட்ட சொன்னா நீ பயந்துக்கிட்டு படிக்க மாட்ட. இன்னும் மூணு மாசந்தான, பரீட்ச முடியட்டும்னு இருந்தேன்."

"நீங்க செத்திருந்தா?"

"சாவலையே."

சோப்பு நுரை வழிய அவர் சிரித்தார். வடிவு பின்வாசல் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தான் செய்த தவறைவிட அந்தச் சிரிப்புதான் தன்னைக் கலக்கியது என்பாள். தன் படிப்புக்காக ஒருவர் தினமும் சாவுக்கு நடுவில் நின்று குளித்திருக்கிறார்.

சிங்காரம் வேலை விட்டு வந்து எல்லாம் கேட்டார். பயந்தால் அவருக்குக் குரல் தணிந்துவிடும். அன்று கிசுகிசுவென்று பேசினார். "யாருக்கும் தெரிய வேணாம். அந்த வயர நான் அறுத்துப் போட்டுர்றேன். நீ காலையில மொத லோரியில ஏறு. பரீட்சைக்குப் போயிரலாம்."

ராத்திரியே சாலையில் மண்ணை அள்ளிவிட்டார்கள், போயிருக்கலாம்தான். ஆனால் அப்பாவை வயரைத் தொட விடவும் அவளுக்குப் பயம். தொடாமல் விட்டுப் போனால், யாராவது பியூஸை மாட்டிவிடுவார்கள் என்ற பயம். அதையும் அத்தை தனக்காக மறைத்துவிடுவார் என்ற பயம். மறுநாள் காலையில் அவள் லாரி ஏறவில்லை. பெரட்டுக் களத்துக்கு வந்தாள். பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு நேரே போய், கொழுந்துக் கூடைகளோடு நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"கிராணி ஐயா, மணி அத்தை கொட்டாயில வயரு போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன். தகரம் பூரா கரண்டு பாயுது. நேத்து உங்களுக்கு போன் பண்ணதும் நான்தான். பயந்துக்கிட்டு வச்சிட்டேன்."

அன்று நானும் அங்கே இருந்தேன். கிராணி திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். கார்த்திகேசுவின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்த விளக்கைப் பார்த்தும் பார்க்காமல் போனது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொழிற்சாலை எலக்ட்ரீஷியனை அப்போதே ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவர் வந்து கம்பியை வெட்டி எடுக்கும்வரை வடிவு கொட்டகைப் பக்கம் யாரையும் நெருங்க விடாமல் நின்றாள். அதற்குள் பட்டணத்தில் மலாய்த் தாள் தொடங்கி முடிந்திருந்தது.

பள்ளியில் ரம்லி ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். பள்ளி அவளை நீக்கவில்லை, விடுதியிலிருந்து வெளியேற்றியது. மிச்ச நாட்களை நாகமணியின் சித்தப்பா வீட்டுச் சமையலறையில் படுத்துக் கழித்தாள். பட்டறையில் கை எழவே இல்லை. மற்றவர்கள் கம்பி பூட்டும்போது, ஓரத்தில் நின்று வரலாற்றுப் புத்தகத்தைப் படிப்பதுபோல் விரித்து வைத்துக்கொள்வாள். செய்முறைத் தேர்வு நாளில் ஒவ்வொரு இணைப்பையும் திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் முடித்துப் போன பிறகும், தேர்வாளர் கடிகாரத்தைக் காட்டும்வரை அவள் கை நிற்கவில்லை. தேர்ச்சி பெற்றாள். மலாயிலும் எப்படியோ கரையேறினாள். முடிவு வந்த அன்று சிங்காரம் திடல் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். அவள் மட்டும், "இனிமே நெசமாவே என்னைய வேலைக்குக் கூப்புடுவாங்க சார்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் கொஞ்சம்தான் இருந்தது.

மணியம்மா அதற்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே குளித்துவிடுவார், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. லயத்துக் குளியல் கொட்டகைகளுக்கெல்லாம் முறையாக விளக்குப் போட ஆபீஸ் இந்த வருடம்தான் முன்வந்தது. வேலை ஆ செங் கடைக்கு வந்தது. கடைசி வீட்டை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று வடிவு முதலாளியிடம் கெஞ்சினாள். "உன் ஊர்தானே, நீயே செய்" என்று சொல்லிவிட்டார் அவர்.

போன வாரம் அந்த வேலை முடிந்தது. கம்பியைக் குழாய்க்குள் விட்டு, தகரத்தைத் துளைத்த இடத்தில் தடித்த ரப்பர் வளையம் பூட்டி, மண்ணில் செம்புக் கம்பி இறக்கியிருந்தாள். ஆ செங் தன் மீட்டரை வைத்துச் சோதித்து, சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார். மணியம்மா வாளித் தண்ணீரோடும் துண்டோடும் வந்து நின்றார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"போட்டுப் பாக்கலாமாடி?"

"இருங்க அத்தே. நீங்க வெளியவே நில்லுங்க."

வடிவு குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். காலுறைகளையும் உருவி வெளியே எறிந்தாள். மணியம்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கிச் சிமெண்டுத் தரையில் பாதியை ஊற்றினாள். மீதியைத் தகரச் சுவரில் வீசி அடித்தாள். தண்ணீர் வழிந்து அவள் பாதங்களைச் சுற்றித் தேங்கியது. வீட்டுக்குள் சுவிட்சுப் பக்கத்தில் நின்ற அப்பாவை உரக்கக் கூப்பிட்டாள்.

"போடுங்கப்பா!"

விளக்கு எரிந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஈரத் தகரத்தின் மேல் ஒரு உள்ளங்கையை விரித்து வைத்தாள். பிறகு இன்னொன்றையும்.